நாளுக்கு 100 பிராங்: திருகோணமலையிலிருந்து சூரிச்சுக்கு

சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, சொந்தச் செலவில் தங்கப்போகிறவரிடம் நாளொன்றுக்கு 100 பிராங் கையிருப்புக் காட்டச் சொல்வார்கள். ஒரு பிராங் 350 ரூபாய்க்கு மேல் நிற்கிற இந்தக் காலத்தில் அது 35,000 ரூபாயைத் தாண்டும். கேட்டதும் தலை சுற்றும்தான். ஆனால் விடுதிக் கட்டில், சாப்பாடு, ட்ராம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சூரிச்சில் உண்மையாகவே ஏறத்தாழ அவ்வளவு போகிறது. தூதரகம் சும்மா பயங்காட்டவில்லை. அந்த 100-ஐ 80-க்கு இறக்கலாம். சொந்தக்காரர் வீட்டில் படுக்க இடம் கிடைத்தால் 35-க்கும் இறக்கலாம். அதற்கு மணிக்கூட்டையும் டிக்கெட் வலய வரைபடத்தையும் பார்க்கத் தெரிய வேண்டும். பார்க்கிற இடங்களுக்குக் கொடுக்கும் காசு சொற்பம். எந்த மணிக்கு டிக்கெட் எடுத்தோம், எந்த நாள் கடை பூட்டு, எந்த எல்லையைத் தாண்டினால் டிக்கெட் செல்லாது என்று தெரியாமல் போகும் காசுதான் பெரிது.

முதலில் விசா. சுவிஸ் தருவது ஷெங்கன் விசா, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொது விசா. 2024 ஜூன் 11 முதல் அதன் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 45, அதற்குக் குறைந்தவருக்கு இல்லை. விண்ணப்பம் வாங்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் இந்தக் காசு திரும்பி வராது. பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிக்கலான கோப்பு 45 நாள் வரை இழுபடலாம். ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு முன் கொடுப்பது நல்லது. விசா கைக்கு வரும் முன் விமான டிக்கெட்டுக்குக் காசு கட்ட வேண்டாம், முன்பதிவுத் தாள் போதும்.

நம்மவர் குழம்புவது இரண்டு 30,000-களில். ஒன்று பயணக் காப்புறுதி: குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், போகும் நாள் முதல் திரும்பும் நாள் வரை ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். மற்றது பொறுப்பேற்புப் பத்திரம். கையிருப்புக் காட்ட முடியாதவருக்காகச் சுவிஸில் இருக்கும் சித்தப்பாவோ அத்தானோ 30,000 பிராங் வரையான செலவுக்குத் தான் பொறுப்பு என்று கையெழுத்திடுவது. அதை அங்குள்ள அதிகாரிகள் அவருடைய வருமானத்தோடு வைத்துச் சரிபார்ப்பார்கள். இந்த இரண்டில் ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

கோப்பு சறுக்கும் இடங்களும் தெரிந்தவைதான். விண்ணப்பத்துக்கு முதல் கிழமை கணக்கில் திடீரென ஏழெட்டு லட்சம் வந்து விழுந்தால், அது கைமாற்றுக் காசு என்று பார்க்கிறவருக்கு உடனே விளங்கும். குறைந்தது மூன்று மாதம் சம்பளமோ வியாபார வரவோ ஒழுங்காக வந்து போன கணக்குக்குத்தான் மதிப்பு. அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னே, அழைப்பவரின் சுவிஸ் அட்டையில் அதுவே குடும்பப் பெயராகப் பின்னே. உறவைக் காட்ட இரண்டு தலைமுறைப் பிறப்புச் சான்றிதழ்களைக் கோர்க்க வேண்டிவரும். இடம்பெயர்வில் மூலப் பிரதி தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர் வேறுபாட்டுக்கு ஒரு சத்தியக்கடதாசியும் சேர்த்து வைத்தால் கேள்வி குறையும். கடைசியாக, திரும்பி வருவதற்கான காரணம்: வேலையிட லீவுக் கடிதம், கடைப் பதிவு, பிள்ளையின் பள்ளிக்கூடம், காணி உறுதி.

கைரேகைக்கு நேரில் கொழும்பு போக வேண்டும். இரவு ரயிலில் ஏறி, காலையில் அலுவலை முடித்து, பிற்பகலே 49 இலக்க பஸ்ஸில் திரும்பினால் கொழும்பில் அறை வாடகை மிச்சம். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் கணினியில் இருக்கும். அதற்குள் மறுபடி விண்ணப்பிப்பவர் முந்திய விசா இலக்கத்தைக் குறிப்பிடலாம்.

விமானம் பெரும்பாலும் வளைகுடா வழிதான். சூரிச் டிக்கெட் விலையோடு மிலான் டிக்கெட் விலையையும் சேர்த்துப் பாருங்கள். மிலானிலிருந்து சூரிச்சுக்கு நேரடி ரயில் மூன்றேகால் மணிநேரத்துக்குச் சற்றுக் கூட. 2016-இல் திறந்த 57 கிலோமீற்றர் கொத்தார்ட் சுரங்கம் வழியாகப் போகும். முன்கூட்டி எடுத்தால் அந்த ரயில் டிக்கெட் மலிவு, அன்றைக்கு எடுத்தால் அல்ல. சுவிஸ் தந்த விசாவில் மிலானில் இறங்கலாம். ஆனால் அதிக நாள் தங்கும் இடம் சுவிஸ் என்பதற்கான முகவரிக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது அம்மாமாரோடு சண்டை வரும். கறிவேப்பிலை கொண்டு போக முடியாது. முருங்கைக்காய், மாம்பழம், பச்சை மிளகாய் எதுவும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடப்படாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, டூரியன், பேரீச்சை ஐந்துக்குத்தான் விலக்கு. இறைச்சி, நெய், பால்மா, பாற்கோவா போன்றவை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தால் தடை. வற்றலோ பொதியிட்டதோ என்ற வித்தியாசம் கிடையாது. மீனுக்கு விதி இளக்கம். ஆனால் கருவாட்டை மூன்று உறையில் சுற்றாவிட்டால் பெட்டியே மணக்கும், பிறகு அந்த உடுப்போடுதான் ட்ராமில் ஏற வேண்டும். மிளகாய்த்தூள், சரக்குத்தூள், வறுத்த அரிசிமா கொண்டு போகலாம். அங்கே நாலைந்து மடங்கு விலை என்பதால் 500 கிராம் தூள்கூடப் பெரிய மிச்சம். முறிகண்டிக் கச்சானையும் எள்ளுருண்டையையும் வீட்டுக்காரருக்குக் கொண்டு போனால் ஒரு கிழமைத் தங்கலுக்கு மதிப்பு.

சுவிஸ் சொக்கெட்டில் மூன்று சிறு துளை, அதுவும் குழிக்குள் இருக்கும். நம் 13 அம்பியர் பிளக் போகாது. கடைகளில் விற்கும் பெரிய சதுர 'எல்லா நாட்டு' அடப்டரும் அந்தக் குழிக்குள் நுழையாமல் நிற்கும். இரண்டு முளை மெல்லிய பிளக் உள்ள சார்ஜர் ஒன்று இருந்தால் போதும். இன்னொரு பொறி சிம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. 'ஐரோப்பா முழுவதும்' என்று விற்கும் மலிவு இ-சிம் பலவற்றில் சுவிஸ் சேராது. நாட்டுப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

இனி டிக்கெட். சூரிச்சில் காசு கூடுதலாகக் கசிவதும் மிச்சம் பிடிப்பதும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

ட்ராம், பஸ், எஸ்-ரயில் என்ற புறநகர் ரயில், லிம்மாட் ஆற்றுப் படகு, மத்திய நிலையப் பக்கமிருந்து பல்கலைக்கழக மேட்டுக்கு ஏறும் பொலிபான் கம்பி ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். கட்டணம் வலயக் கணக்கில். நகரம் 110-ஆம் வலயம். ஒருதடவை டிக்கெட் 4.60 பிராங், ஒரு மணிநேரம் செல்லும். 24 மணிநேர டிக்கெட் சரியாக இரண்டு மடங்கு, 9.20. ஒருநாளில் இரண்டு தடவைக்கு மேல் ஏறினால் 24 மணிநேரத்துக்கே எடுக்க வேண்டும். அந்த 24 மணி நள்ளிரவில் முடியாது, எடுத்த நிமிடத்திலிருந்து ஓடும். காலை 10 மணிக்கு எடுத்தால் மறுநாள் காலை 10 மணி வரை செல்லும். பகல் முழுக்க வீட்டில் இருந்து மாலை 4 மணிக்கு வெளிக்கிடுபவருக்கு அன்று மாலையும் மறுநாள் பகலும் ஒரே டிக்கெட்டில் அடங்கும். கட்டணம் டிசம்பர் நடுவில் நேர அட்டவணையோடு சேர்ந்து மாறுவது வழக்கம், அதற்குப் பிறகு போகிறவர் ஒருக்கா சரிபார்க்க வேண்டும்.

விமான நிலையம் 110-இல் இல்லை, 121-இல் இருக்கிறது. வந்திறங்கியதும் மெஷினில் 'சூரிச்' என்று மட்டும் பார்த்து 110-ஐ எடுப்பவர் முதல் நிமிடமே பிழையான டிக்கெட்டில் நிற்கிறார். விமான நிலையத்திலிருந்து நகரம் வரை ஒருதடவை ஏறத்தாழ 7 பிராங். அதையே 24 மணிநேரமாக எடுத்தால் 14, அன்றைய ட்ராம் ஓட்டமும் அதற்குள் அடங்கும். ரயில் 10-12 நிமிடம், 10-ஆம் இலக்க ட்ராம் அரை மணிக்கு மேல், டிக்கெட் ஒன்றே. டாக்ஸி 60 பிராங்குக்குக் குறையாது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மெஷினில் கவனிக்க வேண்டிய பொத்தான் ஒன்று உண்டு. திரையில் முழு விலைக்குப் பக்கத்தில் 1/2 என்று ஒரு குறைந்த விலை வரும். 'சலுகை போல' என்று அதை அழுத்துகிறவர்கள் பலர். அது ஹால்ப்டாக்ஸ் என்ற அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவருக்கும் 6 முதல் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் உரியது. பெரியவர் அதோடு பிடிபட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். ரயில் பெட்டிக் கதவருகே 1 என்று எழுதியிருந்தால் அது முதலாம் வகுப்பு. இடம் காலியாக இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்தாலும் அதே கதைதான். நுழைவாயில் தடுப்பு எங்கும் கிடையாது, சாதாரண உடுப்பில் பரிசோதகர் திடீரென எழும்புவார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 100 பிராங்கை ஒட்டி வரும். 'தெரியாது' என்பதற்குக் குறைப்பு இல்லை.

எல்லா வலயமும் அடங்கும் ஒன்பது மணி டிக்கெட் ஒன்று இருக்கிறது, 26-27 பிராங். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குப் பின்னும், சனி ஞாயிறில் முழுநாளும் செல்லும். இதைச் சரியாகப் பயன்படுத்துவது ஒரு கலை. தூர இடங்களையெல்லாம் ஒரே நாளில் சேர்க்க வேண்டும். ரைன் அருவிக்குச் சுற்றுலாப் பஸ்ஸில் போனால் பல மடங்கு ஆகும். இந்த டிக்கெட்டில் வின்டர்தூர் வழியாக ஷ்லோஸ் லௌஃபன் நிலையம் வரை எஸ்-ரயிலில் போகலாம். அருவி 150 மீற்றர் அகலம், 23 மீற்றர் உயரம்; பனி உருகும் ஜூன், ஜூலையில் நீர் நிறைந்து கொட்டும். லௌஃபன் பக்க மேடைகளுக்கு 5 பிராங். எதிர்ப்பக்கமான நொய்ஹௌசனிலிருந்து பார்க்கக் காசில்லை, ரயில் பாலத்தோடு ஒட்டிய நடைபாதையில் ஆற்றைக் கடக்கலாம். முழு அருவியும் நேருக்கு நேர் தெரிவது அந்த இலவசப் பக்கத்திலிருந்துதான். திரும்பும் வழியில் வின்டர்தூரில் இறங்கலாம், பின்னேரம் அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்கும் போகலாம். அட்லிஸ்வில் 150-ஆம் வலயம், வெறும் 110 டிக்கெட்டோடு அங்கே போகக்கூடாது. கிளாட்புருக் சிவன் கோயில் விமான நிலைய வலயத்துக்குள் வருவதால் வந்திறங்கும் நாளிலோ திரும்பும் நாளிலோ வைத்துக்கொள்ளலாம்.

சூரிச் கார்ட் 24 மணிக்கு 29 பிராங் அளவு, விமான நிலையம், ஏரியின் சிறு சுற்றுப் படகு, பல அருங்காட்சியகங்கள் அடக்கம். ஒரே நாளில் படகும் இரண்டு அருங்காட்சியகமும் விமான நிலையமும் போனால்தான் அது லாபம். ஏரிக்கரையில் நடந்து பாண் சாப்பிட்டுத் திரும்புகிறவருக்கு அது நட்டக் கணக்கு.

தங்குமிடம். இளைஞர் விடுதியில் பலர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் 50-60 பிராங், காலைச் சாப்பாட்டோடு. இளைஞர் விடுதி என்று பெயர்தான், வயது வரம்பு இல்லை. சூரிச் வங்கிகளின் ஊர். வேலை நாளில் ஹோட்டல் விலை ஏறி வெள்ளி, சனி இரவுகளில் இறங்கும். சுற்றுலா ஊர்களுக்கு நேர்மாறு. ஓகஸ்ட்டில் ஸ்ட்ரீட் பரேட் என்ற பெரிய தெரு இசைக் கொண்டாட்டம் நடக்கும் சனிக்கிழமையைச் சுற்றி மட்டும் எல்லாம் தலைகீழ், அந்த நாட்களைத் தவிர்க்கவும்.

சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவருக்குச் செலவு குறைவு, கட்டுப்பாடு கூட. இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, ஞாயிறு முழுநாளும் ஓய்வு நாள். உடுப்புத் தோய்க்கும் மெஷின் மாடிக் கட்டடத்துக்கே பொது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்து நாள் உண்டு, நினைத்த நேரம் தோய்க்க முடியாது. குப்பைக்குக் காசு: நகரசபை வரி சேர்த்து விற்கும் 'சூரி-சாக்' பையில் போட்டால்தான் எடுப்பார்கள். கண்ணாடிப் போத்தல், டின், கடதாசி எல்லாம் தனித்தனி. விருந்தாளி போட்ட குப்பைக்கு வீட்டுக்காரர் அபராதம் கட்டினால் அடுத்தமுறை அழைப்புக் கடிதம் வராது.

சாப்பாட்டில் முதல் விதி தண்ணீர் வாங்கக்கூடாது என்பது. நகரில் 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள் இருக்கின்றன, குடிக்கக்கூடாது என்று எழுதியிராத எல்லாவற்றிலும் குடிக்கலாம். ஒரு லீற்றர் போத்தல் கையில் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 10 பிராங் மிச்சம்.

கடை என்றால் மிக்ரோஸ், கோப், டென்னர், அல்டி, லிடில். மிக்ரோஸில் 'எம்-பட்ஜெட்', கோப்பில் 'ப்ரி கரந்தீ' என்று எழுதிய பொதிகள்தான் ஆகக் குறைந்த விலை. அதே பாண், அதே பால், உறை மட்டும் வடிவில்லை. அரிசி கிலோ 2-3 பிராங், பருப்பும் தேங்காய்ப்பாலும் லாங்ஸ்ட்ராஸப் பக்கத் தமிழ்க் கடைகளில் வாங்கலாம். விடுதியில் சமையலறை இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்க வேண்டும், எல்லா விடுதியிலும் இருக்காது. சமைத்தால் ஒருவருக்கு நாளுக்கு 15 பிராங்கில் முடிக்கலாம். வெளியே ஒரு கெபாப் 12-14, உட்கார்ந்து சாப்பிட்டால் 25-க்குக் குறையாது. மதிய மெனு இரவுச் சாப்பாட்டைவிட எப்போதும் மலிவு. பல்கலைக்கழக உணவகத்தில் வெளியாருக்கு மாணவரைவிடக் கூடிய விலை, இருந்தாலும் ஊருக்குள் இருப்பதைவிடக் குறைவு. டிப்ஸ் கட்டாயமில்லை, விலைக்குள் சேவைக் கட்டணம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. மத்திய நிலையத்திலும் விமான நிலையத்திலும் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், அங்கே நெரிசல். இதையே லாபமாக்கலாம்: சனி மாலை, கடை பூட்டுவதற்கு ஒரு மணிநேரம் இருக்கையில் போனால், ஞாயிறு விற்க முடியாத கோழி, சலாது, பாண் மேல் 25%, 50% ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பொதியில் 'ஷ்வைன்' என்றால் பன்றி, 'ரிண்ட்' என்றால் மாடு, 'பூலே' என்றால் கோழி. செர்வலா என்ற பிரபலமான சொசேஜில் மாடும் பன்றியும் சேர்ந்தே இருக்கும். கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் ஒன்றாய்ப் பயணம் போனால் இரு தரப்புக்கும் அது ஆகாது.

பார்ப்பதற்கு: லிண்டன்ஹோஃப் மேடு, பழைய நகரம், ஏரிக்கரை, தாவரவியல் பூங்கா இலவசம். சென் பீட்டர் தேவாலய மணிக்கூட்டின் முகம் 8.7 மீற்றர், ஐரோப்பியத் தேவாலய மணிக்கூடுகளிலேயே பெரியது. குரோஸ்முன்ஸ்டர் தேவாலயத்தின் உள்ளே இலவசம், கோபுரம் ஏற 5 பிராங். ஃப்ரௌமுன்ஸ்டர் தேவாலயத்தில் ஓவியர் ஷகால் வரைந்த ஐந்து கண்ணாடிச் சாளரங்களுக்கு 5 பிராங். கொடுக்கத்தக்க காசு அது, காலை வெளிச்சத்தில் போங்கள். குன்ஸ்ட்ஹவுஸ் ஓவிய அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பு புதன்கிழமைகளில் இலவசம். ஊட்லிபேர்க் மலை உச்சி 870 மீற்றர், ஆனால் உச்சி நிலையம் 110-க்கு வெளியே. 14-ஆம் ட்ராமில் கடைசி நிறுத்தமான த்ரீம்லி வரை 110 டிக்கெட்டில் போய், அங்கிருந்து ஒரு மணிநேரம் நடந்து ஏறலாம். குளிர்காலத்தில் அந்தப் பாதை உறைந்து வழுக்கும், பாட்டா செருப்போடு போகக்கூடாது.

கோடையில் லிம்மாட் ஆற்றில் மேல் லெட்டன், கீழ் லெட்டன் குளியலிடங்கள் இலவசம். உப்புவெளிக் கடலில் நீந்திப் பழகிய உடம்பு நன்னீரில் கொஞ்சம் தாழும், ஓட்டமும் கூட. வெளியேறும் படியை முதலில் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். வெந்நீர்க் குளியல் மண்டபமும் ஊருக்குள் இருக்கிறது, நுழைவு பல பத்துப் பிராங். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு வைத்திருக்கிற ஊர்க்காரர் அதற்குக் காசு கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

நிலையக் கழிப்பறைக்கு 2 பிராங் அளவு கேட்பார்கள். நகரசபையின் 'சூரி டபிள்யூசி' பெரும்பாலும் இலவசம். அட்டையால் காசு கட்டும்போது மெஷின் 'ரூபாயிலா பிராங்கிலா' என்று கேட்டால் பிராங்கையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் வெட்டு விழும்.

திரும்பும் நாளுக்கு முதல் இரவு சட்டைப்பைகளைக் கொட்டிப் பாருங்கள். 5 பிராங் என்பது அங்கே குற்றிக்காசு. நாலு கிடந்தால் 7,000 ரூபாய். ஊரில் காசு மாற்றுகிறவர்கள் தாளை எடுப்பார்கள், குற்றியை எடுக்கமாட்டார்கள். டிக்கெட் மெஷின் குற்றியை வாங்கும்: விமான நிலையத்துக்கான கடைசி டிக்கெட்டை ஒரு ஐந்தையும் ஒரு இரண்டையும் போட்டு எடுங்கள், மிச்சத்தை விமான நிலைய மிக்ரோஸில் சொக்லேட்டாக மாற்றுங்கள்.